வெந்தய வாசனையும் ஒயின் டிப்ளமாவும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டபிள்யூ.எஸ்.இ.டி.ன்னு லண்டன்ல இருக்குற ஒயின் கல்வி அமைப்போட டிப்ளமா படிச்சதைப் பத்தி ரெண்டு பத்தி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நெனைக்கல. கப்பல்ல வேலை பாக்குற தம்பிங்க, லண்டன், சிங்கப்பூர், துபாய்னு ஹோட்டல் லைன்ல இருக்குறவங்க, மகளை இந்தப் படிப்புல சேத்துட்டுத் தூக்கம் வராம இருக்குற ஒரு அம்மானு எல்லாரும் எழுதியிருக்கீங்க. பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யாரோட பேரும் போடல, ஊரு மட்டும் இருக்கு.

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு தூத்துக்குடி. பயணிகள் கப்பல்ல பார் வெயிட்டரா சேந்து இப்ப ஒயின் செக்‌ஷனுக்கு வந்துட்டேன். டபிள்யூ.எஸ்.இ.டி.ல டிப்ளமாவுக்கு முந்தின படி, லெவல் 3 பாஸ். அடுத்து டிப்ளமா போறதா, ரெஸ்டாரண்ட்ல ஒயின் பரிமாறுறவங்களுக்கான மாஸ்டர் சொமெலியே பட்டத்துப் பக்கம் போறதா? ரெண்டுல எது பெருசு?

பதில்: பெருசு சின்னதுன்னு பாக்காதீங்க தம்பி, ரெண்டும் வேற வேற வேலைக்கானது. அந்த மாஸ்டர் சொமெலியே பட்டம் குடுக்குற கோர்ட் ஆஃப் மாஸ்டர் சொமெலியேஸ் பரீட்சை முழுக்க டேபிள் பக்கம் நிக்கிறவங்களுக்கு. நாலு படி இருக்கு, கடைசிப் படில தியரியைக் கேள்வி கேட்டா வாயாலயே பதில் சொல்லணும், ஆள் முன்னாடி சர்வீஸ் செஞ்சு காட்டணும், 25 நிமிஷத்துல 6 ஒயினைக் குடிச்சுப் பாத்து இது என்ன, எந்த ஊருன்னு சத்தமா சொல்லிக்கிட்டே போகணும். டிப்ளமா அப்படி இல்ல, அது எழுத்துப் பரீட்சை. ஒயின் எப்படி உருவாகுது, ஏன் இந்த விலை, எவன் வாங்குறான், எப்படி விக்கிறான்னு எல்லாத்தையும் எழுதி நிரூபிக்கணும். கடைசி வரைக்கும் ரெஸ்டாரண்ட் ஃப்ளோர்லதான் இருப்பேன்னா கோர்ட் பக்கம் போங்க. நாளைக்குக் கப்பலை விட்டு எறங்கி இறக்குமதி, பர்ச்சேஸ், கிளாஸ் எடுக்குறதுன்னு போக ஆசை இருந்தா டிப்ளமா. ஒயின் துறைல பெரிய பட்டங்கள்ல ஒண்ணான மாஸ்டர் ஆஃப் ஒயினுக்குப் போறவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த வழியா வந்தவங்கதான். அந்தப் பரீட்சை லண்டன்ல முதல் தடவை 1953ல நடந்தப்ப 21 பேர் எழுதி 6 பேர்தான் தேறினாங்க, இந்தியாவுலேந்து முதல் ஆளா சோனல் ஹாலண்ட் 2016ல அந்தப் பட்டம் வாங்கினாங்க.

டிப்ளமால 6 பேப்பர். மார்க் ஒரே மாதிரி பிரிச்சிருக்க மாட்டாங்க, அதைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் நேரத்தை எங்க போடணும்னு தெரியும். டி1 ஒயின் தயாரிப்பு 20 சதவீதம், டி2 வியாபாரம் 10, டி3 உலக ஒயின்கள் 50, டி4 ஸ்பார்க்ளிங் (நுரைக்கிற ஒயின்) 5, டி5 ஃபோர்டிஃபைடு (தனியா ஆல்கஹால் சேத்த ஒயின்) 5, டி6 நீங்களே ஆராய்ஞ்சு எழுதுற 3000 வார்த்தைக் கட்டுரை 10. பாதி மார்க் டி3ல உக்காந்திருக்கு. மொத்தமா குறைஞ்சது 500 மணி நேரம் படிக்கணும்னு அவங்களே சொல்றாங்க, வேலை பாத்துக்கிட்டே படிச்ச எனக்கு அதுக்கு மேலயே ஆச்சு.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கு. டி1, டி2 ரெண்டுலயும் டேஸ்டிங் கிடையாது, வெறும் தியரி, அதனால கான்ட்ராக்ட்ல இருக்குறப்ப கேபின்ல உக்காந்தே படிச்சிடலாம். டி3 மே மாசமும் அக்டோபரும் நடக்கும், கரைல இருக்குற லீவ் மாசத்தை அதுக்கு ஏத்த மாதிரி முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க. அப்புறம், கப்பல் ஸ்பெயின்ல காடிஸ் துறைமுகத்துல நின்னா ஷாப்பிங் போகாதீங்க, அங்கேந்து ஹெரெஸ் போக ரயில்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது, அந்த ஊரு ஃபோர்டிஃபைடு ஒயினான ஷெர்ரி பீப்பா அடுக்கி வச்சிருக்குற இடத்துக்குள்ள போய் நின்னு ஒரு தடவை மோந்து பாத்துட்டா டி5 பாடம் பாதி மனசுல நின்னுடும். மடெய்ரா தீவுல ஃபுன்ஷால்ல நின்னா இன்னும் சுலபம், மடெய்ரா ஒயின் செய்யுற கம்பெனிங்க டவுனுக்குள்ளயே இருக்கு. கரைல இருக்குறவங்க காசு போட்டுப் போற இடத்துக்கு உங்களைக் கம்பெனியே கூட்டிட்டுப் போகுது தம்பி, விட்டுடாதீங்க.

கேள்வி: கிளாஸ்ல எல்லாரும் கூஸ்பெர்ரி, பிளாக் கரண்ட், ரெட் கரண்ட்னு மளமளன்னு எழுதுறாங்க. நான் இதெல்லாம் சின்ன வயசுல சாப்பிட்டதே இல்ல. எனக்கு மூக்கே சரியில்லையோன்னு பயமா இருக்கு. விட்டுடலாமா? (வாசகி, லண்டன்)

பதில்: விடாதீங்க. இந்தக் கடிதத்தை மூணு தடவை படிச்சேன், ஏன்னா இதே பயத்தோடதான் நானும் ஒரு வருஷம் உக்காந்திருந்தேன். மூக்குல ஒரு கோளாறும் இல்ல, அந்தப் பழத்தோட ஞாபகம் நமக்கு இல்ல, அவ்வளவுதான்.

முதல்ல கூஸ்பெர்ரி. நம்ம ஊர்ல இங்கிலீஷ்ல கூஸ்பெர்ரின்னா நெல்லிக்காய்னு சொல்லிக் குடுத்துட்டாங்க. நானும் சாவின்யோன் பிளாங்னு சொல்ற வெள்ளை ஒயின் கிளாஸைத் தூக்கித் தூக்கி அந்த நெல்லிக்காய்த் துவர்ப்பைத் தேடிக்கிட்டே இருந்தேன், வரவே இல்ல. அவங்க சொல்றது வேற பழம். பச்சையா, கண்ணாடி மாதிரி தோலு, உள்ள கோடு கோடா தெரியும், மேல மெல்லிசா ரோமம் இருக்கும். கோடைக்காலத்துல சூப்பர் மார்க்கெட்லயே வரும், ஒரு டப்பா வாங்கி ஒண்ணைப் பல்லுல வெட்டிட்டு ஒரு வாய் சாவின்யோன் குடிச்சுப் பாருங்க, அன்னைக்கே புரிஞ்சிடும். பிளாக் கரண்ட்டும் இதே கதை. கேக்குக்குப் போட கரண்ட்னு பாக்கெட்ல விக்கிறது உலர்ந்த குட்டித் திராட்சை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஃப்ரோஸன் பிளாக் கரண்ட் ஒரு பை வாங்கி ஃப்ரீஸர்ல போட்டு வையுங்க, கேபர்னே சாவின்யோன்னு சொல்ற சிவப்பு ஒயினைத் திறக்குறப்பல்லாம் ரெண்டு எடுத்து நசுக்கி மோந்து பாருங்க.

இது அவங்க பழம். இப்ப நம்ம பக்கம் வாங்க. உங்க கிச்சன்ல அஞ்சறைப்பெட்டி இருக்கா? இந்தப் படிப்புக்கு அதை விட நல்ல புத்தகம் எனக்குத் தெரியல. குளிரான இடத்து சிரா சிவப்பு ஒயின்ல வர்ற மிளகு வாசனை 'மிளகு மாதிரி' இல்ல, மிளகேதான், ரெண்டுலயும் இருக்குற பொருள் ஒண்ணு, ரோட்டண்டோன்னு பேரு. புது ஓக் பீப்பாலேந்து வர்ற கிராம்பு வாசனைக்குக் காரணமான யூஜெனால்தான் நம்ம டப்பால இருக்குற கிராம்புலயும் இருக்கு. மஸ்கட் திராட்சைல வர்ற பூ வாசனைக்குப் பெரிய பங்கு லினலூல், கொத்தமல்லி விதையை உள்ளங்கைல தேச்சு மோந்தா அதேதான் வருது. அமெரிக்கன் ஓக் பீப்பால வச்ச ஸ்பெயின் நாட்டு ரியோஹா ஒயின்ல தேங்காய் வாசனை வரும், தேங்காய் துருவி வளந்த நமக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு செகண்ட்கூட ஆகாது.

எனக்குத் தைரியம் வந்த நாள் எதுன்னு சொல்றேன். ஸ்டடி குரூப்ல ஆறு பேரு, பாட்டிலைச் சாக்ஸுக்குள்ள மறைச்சு வச்சு ஊத்துனாங்க. மஞ்சள் நிறம், கிட்டத்தட்ட நல்லெண்ணெய் கலர். எல்லாரும் வால்நட், ஆப்பிள் தோலுன்னு எழுதிட்டு நிறுத்திட்டாங்க. நான் மூக்கை வச்சதும் அம்மா வத்தக்குழம்புக்கு வெந்தயம் வறுக்குற வாசனை. கை நடுங்கிச்சு. தப்பா இருக்குமோன்னு சொல்லாம இருந்தேன், அப்புறம் சொன்னேன். சொல்லிக் குடுத்தவர் பாட்டிலை வெளில எடுத்து வச்சாரு: பிரான்ஸ்ல ஜூரா மலைப்பக்கம், ஷாட்டோ ஷலோன், வான் ஜோன்னு சொல்ற ஒயின். சாவன்யான் (சாவின்யோன் இல்ல, இது வேற) திராட்சைல செஞ்சு 6 வருஷம் 3 மாசம் வரைக்கும் பாட்டில்ல அடைக்காம வச்சிருக்கணும்னு சட்டம், பீப்பால ஒயின் குறைஞ்சாலும் மேல ஊத்தி நெரப்ப மாட்டாங்க, மேல ஈஸ்ட் படலம் கட்டி நிக்கும். அதுல உருவாகுற சொடலோன்னு ஒரு பொருள்தான் வெந்தயத்துக்கும் அந்த வாசனையைக் குடுக்குது. அந்த ரூம்ல அதை ரொம்ப நல்லாத் தெரிஞ்ச மூக்கு என்னோடதுதான், எத்தனையோ வருஷமா தினமும் மோந்த வாசனை அது.

ஒரே ஒரு ஜாக்கிரதை. பரீட்சைல குழம்பு வாசனைன்னு எழுதினா திருத்துறவங்களுக்குப் புரியாது. அதனால ஒரு நோட்டு போடுங்க, இடது பக்கம் உங்களுக்கு மனசுல என்ன வந்துச்சோ அதைத் தமிழ்லயே எழுதுங்க, வலது பக்கம் கோர்ஸ்ல குடுக்குற டேஸ்டிங் அட்டைல இருக்குற வார்த்தை. நனைஞ்ச அட்டைப்பெட்டின்னா கார்க் கெட்டுப்போன ஒயின், மாட்டுத் தொழுவம்னா பிரெட்டனோமைசஸ்னு ஒயினைக் கெடுக்குற ஈஸ்ட். ஆறு மாசத்துல இடது பக்கம் பாக்காமலே வலது பக்கம் வரும். அப்புறம் மிளகு வாசனையே வரலைனா மனசு உடையாதீங்க, ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு ரோட்டண்டோன் வாசனையே தெரியாதாம், ஆஸ்திரேலியால சோதிச்சுப் பாத்தது. அவங்க டானின் (ஈறைப் பிடிக்கிற துவர்ப்பு), ஆசிட் (புளிப்பு), பழம் எல்லாத்தையும் வச்சு சிராவைக் கண்டுபிடிக்கிறாங்க.

கேள்வி: டி3 தியரில ஃபெயில். 400 பக்கம் நோட்ஸ், எல்லாம் மனப்பாடம். எந்த அப்பெல்லேஷன்ல (சட்டப்படி பேர் வாங்கின ஒயின் பகுதி) ஒயினை எத்தனை மாசம் வைக்கணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். எங்க தப்பு? (சிங்கப்பூர்)

பதில்: உங்க உழைப்புல தப்பே இல்லைங்க. அவங்க கேட்டது 'என்ன'ன்னு இல்ல, 'ஏன்'னு. 55 சதவீதம் எடுத்தா பாஸ்தான், ஆனா வெறும் தகவலை அடுக்கினா அந்த 55க்குப் பக்கத்துலயே வந்து நின்னுடும்.

ஒண்ணை எடுத்துக் கடைசி வரைக்கும் போயிப் பாப்போம், ஷெர்ரி. அதுல வெளுப்பா இருக்குறது ஃபினோ, பழுப்பா இருக்குறது ஒலோரோசோ. 'ஃபினோ 15, 15.5 சதவீதம் ஆல்கஹால், ஒலோரோசோ 17' – இது உங்க நோட்ல இருக்கும். ஏன் அந்த ரெண்டு நம்பர்? ஷெர்ரி செய்யுற பலோமினோ திராட்சைக்குன்னு பெரிய வாசனை கிடையாது, அதனால அது வெள்ளைத் தாள் மாதிரி, பீப்பால என்ன நடக்குதோ அதுதான் ஒயின். 15ல நிறுத்தினா ஃப்ளோர்னு சொல்ற ஈஸ்ட் உயிரோட இருக்கும், காய்ச்சின பால் மேல ஏடு படியுற மாதிரி ஒயின் மேல படிஞ்சு காத்து உள்ள போக விடாது, அதனால நிறம் மாறாம வெளுப்பாவே இருக்கும். அந்த ஏடு கிளிசரால்னு வாய்க்கு வழவழப்பு குடுக்குற பொருளைத் தின்னுடும், அதனாலதான் ஃபினோ வாய்ல அவ்வளவு மெல்லிசா, உலர்ந்து இருக்கு. அசிட்டால்டிஹைடு விடும், அதனாலதான் அந்த நறுக்குன ஆப்பிள் வாசனை. ஏட்டுக்குத் தீனி வேணும், அதனாலதான் பழசோட புதுசைப் படிப்படியா கலக்குற சொலேரா முறைல அப்பப்ப புது ஒயினைச் சேக்குறாங்க. ஷெர்ரி செய்யுற இன்னொரு ஊரு சான்லூக்கர் கடலோரம், ஈரப்பதமும் குளிர்ச்சியும் கூட, அங்க ஏடு தடிமனா நிக்கும், அதான் அங்க செய்யுற மன்சனீயா ஷெர்ரி வேற ருசி. இப்ப ஆல்கஹாலை 17க்கு ஏத்துங்க, ஏடு செத்துடும், காத்து உள்ள போகும், ஒயின் பழுப்பாகும், வால்நட் வாசனை வரும், வருஷக்கணக்கா தண்ணி ஆவியாகி ஆல்கஹாலும் ருசியும் கெட்டியாகும். பாத்தீங்களா, ரெண்டே நம்பர்தான், அதுலேந்து பத்து வரி வந்துடுச்சு, ஒவ்வொரு வரியும் கிளாஸ்ல வாய்ல தெரியுற ஒரு விஷயத்துல போய் முடியுது. மார்க் அங்கதான்.

எல்லா ஊரையும் இப்படி உரிச்சுப் பாருங்க. அர்ஜென்டினால மெண்டோசா ஏன் பாலைவனம்? பசிபிக் பக்கத்து ஈரமெல்லாம் ஆண்டிஸ் மலைலயே கொட்டித் தீந்துடுது, கேரளாவுல கொட்டுற மழை மலையைத் தாண்டி நம்ம பக்கம் வர்றப்ப வெறும் காத்தா வருதே அதே சங்கதி. மழை இல்ல, அதனால பூஞ்சை நோய் கம்மி, மருந்தடிக்கிற செலவு கம்மி, ஆனா மலைப்பனி உருகி வர்ற தண்ணியை நம்பித்தான் பொழப்பு. அவ்வளவு வெயில்லயும் ஆசிட் எப்படி நிக்குது? 900 மீட்டர், அதுக்கும் மேல உயரம், ராத்திரி குளிரு. நான் நோட்டு எழுதுறதையே நிறுத்திட்டு ஒரு ஊருக்கு ஒரு தாள், நடுவுல ஊர் பேரு, சுத்தி 'அதனால', 'அதனால'ன்னு அம்புக்குறி மட்டும் போட ஆரம்பிச்சேன். உங்க 400 பக்கத்தைத் தூக்கிப் போட வேணாம், அதுலேந்து அம்புக்குறியை இழுங்க.

கேள்வி: லேபிளை மறைச்சு ருசிக்கிற பிளைண்ட் டேஸ்டிங்ல எந்த ஒயின்னு கண்டுபிடிக்கவே முடியல, எப்பப் பாத்தாலும் தப்பு. (துபாய்)

பதில்: டி3ல 12 ஒயின், ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம். இதுல பேரைச் சரியா சொல்றதுக்கு இருக்குற மார்க் கொஞ்சம்தான். இதை நம்பாமத்தான் நான் முதல் தடவை ஃபெயிலானேன். ஒரு ரெட், மோந்ததுமே தேங்காய், வெனிலா, காஞ்ச இலை, ரியோஹான்னு தெரிஞ்சுடுச்சு, அது சரிதான். அந்தச் சந்தோஷத்துல 'நல்ல தரம், இன்னும் வைக்கலாம்'னு ஒரே வரில முடிச்சிட்டு அடுத்த கிளாஸுக்குப் போயிட்டேன். ஏன் நல்ல தரம்? பேலன்ஸ் எப்படி, விழுங்கின பிறகு ருசி எவ்வளவு நேரம் நிக்குது, எவ்வளவு அழுத்தம், எத்தனை அடுக்கு? வைக்கலாம்னா எதை நம்பி, டானினா ஆசிடா பழமா? ஒண்ணுமே எழுதல. ரிசல்ட் வந்த அன்னைக்கு ரொம்ப அழுதேன், அடுத்த ஆறு மாசம் பேரையே எழுதாம காரணத்தை மட்டும் எழுதிப் பழகினேன், ரெண்டாவது தடவை வந்துடுச்சு.

நாக்கைப் பழக்க நான் செஞ்சது ஒண்ணு. ஆல்கஹால் 11 சதவீதத்துக்குக் கீழ லோ, 14லேந்து ஹை, நடுவுல மீடியம். தினமும் ஒரு ஒயினை லேபிள் பாக்காம மதிப்பு போட்டு, அப்புறம் திருப்பிப் பாருங்க. ஆசிடுக்குத் துப்பிட்டுத் தலையைக் குனிஞ்சு இருங்க, எவ்வளவு வேகமா எச்சில் ஊறுதுன்னு பாருங்க. டானினுக்கு நாக்கை விடுங்க, ஈறைக் கவனிங்க.

கேள்வி: என் மகள் மும்பைல ஓட்டல் வேலைல இருந்துக்கிட்டு இந்தப் படிப்பு படிக்கிறாள். குடிக்குப் பழகிடுவாளோன்னு எனக்கும் அவ அப்பாவுக்கும் தூக்கமே இல்ல. (மதுரை)

பதில்: அம்மா, உங்க பயம் நியாயமான பயம், அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். கிளாஸ்ல யாரும் குடிக்கிறது இல்லம்மா, வாய்ல வச்சுப் பாத்துட்டு ஒவ்வொரு வாயும் துப்பிடுவோம், அதுக்குன்னே பாத்திரம் இருக்கும். பரீட்சைலயும் அப்படித்தான், விழுங்கினா பன்னெண்டாவது கிளாஸ்ல எழுதவே முடியாது. ஆனா துப்பினாலும் கொஞ்சம் உள்ள போகும், அதனால டேஸ்டிங் முடிஞ்சு வண்டி ஓட்டக்கூடாதுன்னு அவகிட்ட சொல்லுங்க. இந்தத் தொழில்ல குடிக்கு அடிமையானவங்களும் இருக்காங்க, நானே பாத்திருக்கேன், மறைக்க மாட்டேன். அதனாலதான் நான் வாரத்துல மூணு நாள் பாட்டிலே திறக்க மாட்டேன், தனியா உக்காந்து டேஸ்டிங் பண்ணா மிச்சத்தை அடுத்த நாளுக்கு மூடி வைப்பேன். மகளுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கான்னு அன்பாக் கேளுங்க, சண்டையாக் கேக்காதீங்க. இன்னொண்ணும் சொல்லுங்க, ஒயின் ஆசிட் பல்லு எனாமலைத் தின்னுடும், டேஸ்டிங் முடிஞ்ச கையோட பல்லு தேய்க்கக் கூடாது, தண்ணில கொப்பளிச்சிட்டுக் கொஞ்ச நேரம் விடணும்.

கேள்வி: பாட்டில் வாங்கிக் கட்டுப்படியாகல, என்ன வழி? (பெங்களூரு)

பதில்: தனியாப் படிக்காதீங்க, அதான் வழி. ஆறு பேர் சேந்தா ஆளுக்கு ஒரு பாட்டில், ஆறு ஒயின் ருசி. ஒரு பாட்டிலைத் திறந்ததும் சின்னக் கண்ணாடி மருந்து பாட்டில்ல கழுத்து வரைக்கும் நெரப்பி, காத்து இல்லாம மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சா ரெண்டு மூணு நாள் தாங்கும். பாட்டிலை நல்லா காய வச்சு ஊத்துங்க, சோப்பு வாசனை ஒட்டியிருந்தா எல்லாம் வீணு.

கேள்வி: எங்க ஊரு கம்பம். எங்க பன்னீர் திராட்சைக்கும் நீங்க படிச்ச படிப்புக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டாங்க?

பதில்: உண்டுங்க, இந்தக் கேள்விக்கு ரொம்ப சந்தோஷம். 2023ல புவிசார் குறியீடு வாங்கின உங்க பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை, மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவோட பிள்ளை. டி5ல வர்ற இனிப்பு மஸ்கட் ஒயின்களும் இதே குடும்பம்தான். வெளிநாட்டுல கிளாஸ்ல 'திராட்சை வாசனையே வர்ற ஒரே ஒயின் மஸ்கட்'னு சொல்லிக் குடுத்தப்ப பக்கத்துல இருந்தவங்க பலருக்குப் புரியல, அவங்க கடைல வாங்குற திராட்சைக்கு வாசனையே கிடையாதே. எனக்கு உடனே பஸ் ஸ்டாண்டுல கூடைல வச்சு விக்கிற குலை ஞாபகம் வந்துச்சு. டிப்ளமா படிக்கிற யாராவது லீவுக்கு உங்க பக்கம் வந்தா ஒரு குலை வாங்கி, தோலைத் தனியா உரிச்சு, ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்கி மோந்து பாக்கச் சொல்லுங்க. வாசனை சதைல கொஞ்சம், தோல்லதான் அதிகம்.